கம்பெனி மிளகாய்

புயல் ஓய்ந்த காலையில் ஞானபூரணி தன் மாவு மில்லைப் பார்க்கப் போனாள். மில் இருந்தது, கூரை இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் பாதி பின்பக்கத்துக் கருவேலங்காட்டில் நொறுங்கிக் கிடந்தது. மீதி எந்த ஊருக்குப் போனதென்று கடைசிவரை தெரியவில்லை. கானாடுகாத்தானில் ஒரு பூட்டிக் கிடந்த வீட்டு முற்றத்தில் ஒரு ஷீட் கீறல்கூட இல்லாமல் வந்து இறங்கியிருப்பதாக பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார். அது தன்னுடையதுதான் என்று ஞானபூரணி உடனே முடிவு செய்துவிட்டாள். ஆனால் போய்க் கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. சாக்கோட்டையில் அந்த மில்லை விட்டால் பக்கத்தில் வேறு மில் கிடையாது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அரிசி, குழம்புக்கு மிளகாய், மல்லி என்று ஊரே சாமானைக் கொண்டுவந்து வைத்திருந்தது. புயலுக்கு முன்பே கரண்டு போய்விட்டதால் ஒன்றும் அரைபடவில்லை. டின்னும் தூக்குவாளியும் சாக்குமாக வரிசை சுவரை முட்டி நின்றது. கூரை போனதும் மழை நேரே உள்ளே இறங்கி அத்தனையையும் கவிழ்த்துக் கலந்துவிட்டது. யார் வீட்டு மிளகாய், யார் வீட்டு மல்லி என்று பிரிக்க முடியாத ஒரே சிவப்புச் சேறு.

ஞானபூரணியும் அவள் புருஷன் தைரியநாதனும் மண்வெட்டியால் அதை வாரி நாலு தார் டிரம்மில் அடைத்து மில்லுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணில் பட்டால் அவரவர் வந்து அழுவார்கள் என்று மேலே மூடியும் போட்டாள். "யாரு சாமானும் போகாது, நான் தாரேன்" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு, காரைக்குடிச் சந்தையில் வாங்கிக் கொடுக்கவும் தொடங்கியிருந்தாள்.

மோட்டாருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. காற்று எழும்பியபோதே அவள் அதைத் தார்ப்பாயால் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கி, மேலே அம்மிக்கல்லையும் தூக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தாள். பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அரை நாள் சந்தோஷப்பட்டாள். அதற்குள் அந்தோணி பிரபு வந்து சேர்ந்தான்.

பிரபு அவளுடைய அக்காள் மகன், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மில் வைக்க பாங்கில் கடன் வாங்கியபோது பாலிசி போட்டுக் கொடுத்தவன் அவன்தான். கூரையில்லாத மில்லுக்குள் நின்று ஆகாயத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"சித்தி, உங்க பாலிசி மெஷினுக்கும் சரக்குக்கும்தான். கூரைக்குக் கிடையாது."

"ஏண்டா கிடையாது?"

"நீங்கதான வேண்டாம்னீக. கூரை என்ன பறந்தா போயிரப் போகுதுன்னு கேட்டீக."

கேட்டது உண்மைதான். ஞானபூரணியும் ஆகாயத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பப் பறந்து போனதுக்குக் காசு இல்ல. பறக்காம நிக்கிறதுக்கு உண்டு."

"மோட்டாருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா குடுப்பாக சித்தி. ஆகலையே, நல்லதுதான?"

"சரக்கு?"

"சரக்குன்னா உங்க சொந்தச் சரக்கு. இருக்கா?"

"நமக்கு ஏதுடா சரக்கு? எல்லாம் ஊர்க்காரக சாமான்."

பிரபு தலையை ஆட்டினான். அவனுக்கும் அதற்குமேல் தெரியாது. சர்வேயர் ஒருவர் வந்து சேதத்தைப் பார்ப்பார், அவர் வந்தபிறகு நஷ்டஈட்டுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் ஞானபூரணி மோட்டாரைப் பார்த்தாள். அது எண்ணெய் மினுக்கோடு கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் சந்தா கட்டியதற்கு ஒரு கீறலாவது பட்டிருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த தன் கையையே நொந்துகொண்டாள். பிறகு, உடைந்த மோட்டார் இல்லையென்றால் ஒன்றைக் கொண்டுவர வேண்டியதுதான் என்று தோன்றியது. தோன்றியவுடன் மனசு லேசாகிவிட்டது.

காரைக்குடியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான் முத்துக்கண்ணன். அவனிடம் போய், எரிந்துபோன மோட்டார் ஒன்று நாலு நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை.

"ஒண்ணு இருக்குக்கா. ஆனா வெளிய போயிருக்கு. வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்துரும்."

"யாரு கொண்டு போயிருக்கா?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்க்கா."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது சாக்கு மூடி டெம்போவில் வந்து இறங்கியது. பச்சை வண்ணம். விசிறி மூடி ஒரு பக்கம் நன்றாக நெளிந்திருந்தது. உள்ளே காயில் கருகிக் கிடந்தது. பார்த்தவுடன் பரிதாபம் வரும். ஞானபூரணிக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. மேலே இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் சேறும் அப்பிவிட்டாள்.

நல்ல மோட்டாரை எங்கே ஒளிப்பது என்பது அடுத்த கேள்வி. கட்டிலுக்கடியில் போகவில்லை. மாட்டுக் கொட்டகையில் வைத்தால் பால்காரர் பார்ப்பார். முன்னறையில் தைரியநாதன் கிறிஸ்துமஸ் குடில் கட்டத் தொடங்கியிருந்தார். மலைக்கு வைக்கோலும் பழைய சாக்கும் சேர்த்து வைத்திருந்தார். ஞானபூரணி அந்த மூலையைப் பார்த்தாள். டெம்போக்காரனும் கூட வந்த ஆளும் இன்னும் போகவில்லை. அவர்கள் நல்ல மோட்டாரைத் தூக்கிவந்து வைத்தார்கள். மேலே சாக்கைப் போர்த்தி, பழுப்புக் காகிதத்தைக் கசக்கி ஒட்டி, சுண்ணாம்பு தெளித்தாள். பெத்லகேம் மலை அந்த வருஷம் போல என்றைக்கும் அத்தனை கம்பீரமாக அமைந்ததில்லை.

இருட்டியபிறகு வீட்டுக்கு வந்த தைரியநாதன் மலையைத் தட்டிப் பார்த்தார். அது கணீரென்றது.

"ஞானம், என்ன இது?"

சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தைரியநாதன் சர்ச்சின் பங்குப் பள்ளிக்கூடத்தில் கிளார்க். பெயரில் இருக்கிற தைரியம் ஆளிடம் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது, அவ்வளவுதான். சீட்டுப் பணம் கேட்டு ஆள் வந்தபோது, அவர் வீட்டில் இல்லை என்று ஞானபூரணி வாசலில் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து "இந்தா வந்துட்டேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்.

"கொழந்தயேசுவுக்கு அடியில போய்..." என்றார்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. சர்வேயர் வர்ற அன்னைக்கு நீங்க பள்ளிக்கூடம் போயிருங்க."

"பள்ளிக்கூடத்துல புயல்ல வீடு போனவுகளத் தங்க வெச்சிருக்கோம். லீவுதான்."

ஞானபூரணி யோசித்தாள். "அப்ப ஒண்ணு செய்யுங்க. அவரு என்ன கேட்டாலும் இருமுங்க."

சர்வேயர் திங்கட்கிழமை வந்தார். நாச்சியப்பன் என்று பெயர். ஒல்லியாக, வெள்ளைச் சட்டையும் குடையுமாக, பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னால் பிரபு உட்கார்ந்திருந்தான். கூரையில்லாத மில்லைப் பார்த்து உச்சுக் கொட்டினார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் மோட்டாருக்கு முன்னால் வந்து குனிந்து, கையைக் கூப்பினார்.

"வணக்கம்."

ஞானபூரணிக்குப் புரியவில்லை. "யாருக்கு சார் வணக்கம்?"

"இவருக்குத்தான். மூணாவது தடவை பாக்குறேன், ஒரு மரியாதை வேண்டாமா? புதன்கெழம ஒரு மர மில்லுல இருந்தாரு. வெள்ளிக்கெழம காலையில ஒரு எண்ணெய் மில்லுல இருந்தாரு. இந்தப் புயல்ல இவருக்கு அடிமேல அடி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிடும் என்று முத்துக்கண்ணன் சொன்னதற்கு ஞானபூரணிக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. ஆனால் முகத்தில் காட்டவில்லை.

"ஒரே கம்பெனி மோட்டாரு சார். எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

"இருக்கும், இருக்கும். விசிறி மூடியில இந்த நெளிவையும் கம்பெனியிலயே போட்டு அனுப்புறாக போல."

"அவசரத்துல செஞ்சிருப்பாக."

நாச்சியப்பன் சிரிக்கவில்லை. தைரியநாதன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. புயலுக்கு முந்தின நாள் இது ஓடுச்சா?"

தைரியநாதன் இருமினார்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

இன்னும் கொஞ்சம் பலமாக இருமினார்.

"உங்க பேரு என்ன?"

அதற்கும் இருமினார். இருமிய பிறகுதான் இதற்குப் பதில் சொல்லியிருக்கலாமே என்று அவருக்கு உறைத்தது. பிரபு கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாவம், நெஞ்சுல சளி கட்டியிருக்கு. உள்ள போயி உக்காருவோம். எனக்கும் ஒரு வாய் தண்ணி வேணும்" என்றார் நாச்சியப்பன்.

வீடு மில்லை ஒட்டியே இருந்தது. ஞானபூரணிக்கு அவரை வாசலில் நிறுத்த ஒரு வழியும் தோன்றவில்லை. முன்னறையில் அவரே நாற்காலியைக் குடிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீரைக் குடித்துக்கொண்டே மாதாவையும் சூசையப்பரையும் பார்த்தார். மலையைப் பார்த்தார். மேய்ப்பன் ஒருத்தன் மலைமேல் சாய்ந்தாற்போல் நின்றான். அவனை நிமிர்த்தி வைத்தார்.

"மலை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பெத்லகேம்ல ஏன் கிரீஸ் வாடை அடிக்குது?"

ஞானபூரணி புருஷனைப் பார்த்தாள். தைரியநாதன் வாயைத் திறந்தார், இருமுவதற்குத்தான். ஆனால் இருமல் வரவில்லை.

"அதுக்குள்ள எங்க மோட்டாரு இருக்கு சார். அதுக்கு ஒண்ணும் ஆகல. நல்லா ஓடும். அங்குட்டு இருக்கிறது காயில் பட்டறையில வாடகைக்கு வாங்குனது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பல நாள் காய்ச்சல் இறங்கினவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

ஞானபூரணிக்குக் கோபம் வரவில்லை. அடுப்பில் பால் திரிந்துபோனால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சர்வேயரிடம், "கூரைதான் சார் போச்சு. போனதுக்குத் தரமாட்டோம்னா நான் என்ன செய்ய?" என்றாள்.

"பாரத்துல கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல."

"அப்ப நான் ஒரு மோட்டாரையும் பாக்கல. அந்தப் பச்சைக்காரரை இன்னைக்கே அனுப்பிவெச்சிருங்க. நெற்குப்பை ஊருல ஒரு மில்லுல அவரை எதிர்பாத்துக்கிட்டு இருக்காக."

எழுந்து, புறப்படுகிறவர் போலக் கொல்லைப்பக்கம் கை கழுவப் போனார். போனவர் தும்மினார். ஒன்று, இரண்டு என்று தொடங்கி நிற்காமல் தும்மினார். கண்ணில் தண்ணீர் வழிய, குடையை ஊன்றி நின்றுகொண்டு, "என்னம்மா அது?" என்றார்.

ஞானபூரணி டிரம்களைக் காட்டினாள். அரைக்க வந்த சாமான் எல்லாம் கலந்துபோனதையும், ஊர்க்காரர்களுக்குத் தான் ஈடு கொடுத்துக்கொண்டிருப்பதையும் வேண்டாவெறுப்பாகச் சொன்னாள்.

"இதை ஏன் சொல்லல?"

"அது எங்க சரக்கு இல்லயே சார்."

"உங்க பொறுப்புல இருந்துச்சுல்ல? நீங்கதான ஈடு குடுக்குறீக? அரைக்க வந்ததும் சரக்குதான். இந்தப் பாலிசியில அதுவும் சேத்தி." அவர் பிரபுவைப் பார்த்தார். "ஏஜெண்ட் தம்பி, வித்த பாலிசியை ஒரு தடவையாச்சும் படிச்சீகளா?"

பிரபுவுக்கும் அந்த நேரத்தில் தும்மல் வந்துவிட்டது.

ஒவ்வொரு டிரம்மாகத் திறந்து, தும்மி, அளந்து, எழுதிக்கொண்டார் நாச்சியப்பன். ஊருக்குள் போய் நாலைந்து வீட்டில் விசாரித்தார். கிளம்பும்போது ஞானபூரணி, "நெசத்துக்குக் காசு வரும்னு முந்தியே தெரிஞ்சிருந்தா இத்தனை பாடு பட்டிருக்க மாட்டேன் சார்" என்றாள். அவர் அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சர்வேயர் எழுதுவது ஒன்று, ஆபீஸ் கொடுப்பது இன்னொன்று.

மாசி மாதம் ஆபீஸிலிருந்து வரச்சொல்லித் தகவல் வந்தது. காரைக்குடியில் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கிளை. மேனேஜர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், கறாரான ஆள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். சேதம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் நனைந்துபோன சரக்கு என்றாலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதிதான் கொடுப்பார்கள். கழித்தது சரியாகப் பாதி.

"அந்தச் சேத்துக்கா பாதி?" என்றாள் ஞானபூரணி.

"மிளகாய், மல்லி, அரிசி எல்லாம் இருக்கேம்மா. உரத்துக்காவது ஆகும். சரக்கை நீங்க வெச்சுக்கறீங்க. அதனால கழிக்கிறோம். ரூல்."

"நாங்க வெச்சுக்கலைன்னா?"

"வெச்சுக்கலைன்னா அது கம்பெனி சொத்து" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அடுத்த ஃபைலை எடுத்தார்.

தைரியநாதன் ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்ததும் நின்றார். "ஞானம், அவரு சொன்னது நெசந்தானே? நாம வெச்சுக்கலைன்னா அது அவுக சொத்து."

ஞானபூரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த யோசனை அவளுக்கும் வந்திருந்தது. அது அவருக்கும் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் திறந்த கொஞ்ச நேரத்தில் டெம்போ வந்து நின்றது. இரண்டு மாதம் வெயிலில் மூடிக்கிடந்த டிரம்கள். உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கே தெரியாது. படியில் ஏற்றும்போது ஒன்றின் மூடி லேசாக நெகிழ்ந்தது. முன்னால் பிடித்திருந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏறினான். நாலும் வரிசையாக மேனேஜர் அறைக்கு முன்னால், மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தன.

முதலில் தும்மியது டைப்பிஸ்ட் அம்மா. அடுத்தது காஷியர். பிறகு யார் தும்முகிறார்கள் என்று தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. பிரீமியம் கட்ட வந்திருந்த பெரியவர் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கட்டாமலே இறங்கிப் போனார். மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன இதெல்லாம்?"

ஞானபூரணி வாயைத் திறப்பதற்குள் தைரியநாதன் முன்னால் போய் நின்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகிறமாதிரி தேய்த்த சட்டை, பையில் பேனா.

"கம்பெனி சொத்து சார். நாலு டிரம். சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு ரசீது குடுங்க."

"முதல்ல இதை எடுத்துட்டுப் போங்க."

"அடுத்தவுக சொத்தை எடுத்துட்டுப் போறது தப்பு சார்."

அதை அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அவருக்கு நக்கல் வராது. மனசாரச் சொன்னார்.

"விளையாடுறீங்களா?"

"இல்ல சார். வெச்சுக்கலைன்னா கம்பெனி சொத்துன்னு நேத்து நீங்கதான் சொன்னீக. நாங்க வெச்சுக்கல. இதுக்குப் பாதிக் காசு பெறும்னு எழுதியிருக்கீக. பெறுமானமுள்ள பொருளை ரசீது இல்லாம எப்படி வெச்சிட்டுப் போறது?"

"மூடியத் தொறந்து காட்டுறேன் சார், கலப்படம்னு பின்னால சொல்லிறக் கூடாது" என்று ஞானபூரணி குனிந்தாள்.

"தொறக்காதீங்க" என்று ஆபீஸே சொன்னது.

தைரியநாதன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொண்டு நின்றார். மில்லில் இருமினாரே, அந்த ஆள்தானா என்று ஞானபூரணிக்குச் சந்தேகமாக இருந்தது. பொய்யென்றால் வேர்த்துப்போகிற மனுஷன், மெய்யென்றால் ஒரு மேனேஜரை என்ன, கலெக்டரையே நிறுத்தி ரசீது கேட்பார் என்று கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மேனேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மதுரையிலிருந்த பெரிய ஆபீஸுக்குப் போன் செய்தார். அங்கேயிருந்து என்ன கேட்டார்களோ, "வந்து பாருங்க சார், வந்து பாருங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ஃபைலை எடுத்து, மிச்சச் சரக்குக்கு மதிப்பு ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் அதில் அவர் கண்ணீர் ஒரு சொட்டு விழுந்து கலங்கியது.

"போதுமா? இப்ப எடுத்துட்டுப் போறீங்களா?"

"கம்பெனிக்கு இது வேண்டாம், நீங்களே வெச்சுக்கலாம்னு தனியா ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க சார்" என்றார் தைரியநாதன்.

எழுதிக் கொடுத்தார்கள். டிரம்களை இறக்க ஆபீஸ் பியூனே ஒரு கை பிடித்தான்.

திரும்பும்போது செக்காலை ரோட்டில் ஒரு சோடாக் கடையில் டெம்போவை நிறுத்தச் சொன்னார் தைரியநாதன். அவராக எதையும் நிறுத்தச் சொல்லி அவள் கேட்டதில்லை. இரண்டு பேர் கண்ணும் சிவந்து வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, யாராவது தவறிவிட்டார்களா என்று கடைக்காரர் தணிந்த குரலில் கேட்டார். இல்லை என்று தைரியநாதன் நடந்ததைச் சொன்னார். ஆபீஸுக்குப் போனோம், டிரம்மை வைத்தோம், எழுதிக் கொடுத்தார்கள், வந்தோம் என்று நாலு வரியில் முடித்துவிட்டார். கடைக்காரர் மரியாதைக்குத் தலையை ஆட்டினார்.

ஞானபூரணியால் தாங்க முடியவில்லை. சோடாப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்படி இல்லைங்க, கேளுங்க" என்று முதலிலிருந்து தொடங்கினாள். கடைக்கு வந்தவர்கள் நின்றார்கள். டிரம் பத்தாயிற்று. டைப்பிஸ்ட் அம்மா மயங்கி விழுந்தாள். மேனேஜர் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மதுரைக்குப் போன் செய்தார். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாவா? மேஜைக்கு அடியிலயா?" என்று ஒருவர் தைரியநாதனைப் பார்த்துக் கேட்டார்.

தைரியநாதன் வாயைத் திறந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "எனக்கு இன்னொரு சோடா குடுங்க" என்றார்.